அக்கா இஸ் சிட்டிங்

அய்யர் இஸ் புட்டிங் நெய் என்று உதட்டை அதிகம் அசைக்காமல் சொல்லிவிட்டு, நெய்க்கு இங்கிலீஷில் ஒரு வார்த்தை உண்டே, டப்பா மேலேயே போட்டிருப்பானே, இத்தனை வருஷத்தில் எத்தனை டப்பா திறந்திருக்கிறோம் என்று பூங்கோதை தேடிக்கொண்டிருக்கும்போதே அடுத்த கரண்டியும் ஓமத்தில் விழுந்து புகை குப்பென்று முகத்தில் அடித்தது. கண் எரிந்தது. துடைக்கக் கூடாது, மை கலைந்துபோகும் என்று அலங்காரம் பண்ணிவிட்ட பெண் உத்தரவு போட்டுவிட்டுப் போயிருக்கிறாள். பக்கத்தில் சிவநேசன், கழுத்து கொள்ளாத மாலையோடு, தலையைக் கொஞ்சம் அவள் பக்கமாகச் சாய்த்து "ம்" என்றான். கேட்டாயிற்று, மேலே சொல்லு என்று அதற்கு அர்த்தம். நாலு வயதில் வந்த அம்மையில் இரண்டு கண்ணும் போனவன். இப்போது முப்பத்து நாலு, அரசு மேல்நிலைப் பள்ளியில் இங்கிலீஷ் வாத்தியார், இன்னும் அரை மணியில் அவளுக்குப் புருஷன். கல்யாணம் நிச்சயமானதும் அவன் கேட்ட சீர் ஒன்றே ஒன்றுதான். மணவறையில் என்னென்ன நடக்கிறதோ அத்தனையையும் நடக்கிறபோதே எனக்குச் சொல்லிவிட வேண்டும், என் கல்யாணத்தை நான் மறுநாள் மற்றவர்கள் வாயால் தெரிந்துகொள்ள மாட்டேன் என்றான். தமிழில் சொன்னால் அய்யர் காதில் விழும், பின்னால் நிற்கிற அத்தை காதில் விழும், அத்தை காதில் விழுந்தால் லால்குடி முழுக்க விழும். ஆகவே இங்கிலீஷ். அவளுக்குத் தெரிந்த இங்கிலீஷோ நடந்துகொண்டிருப்பதைச் சொல்கிற இங்கிலீஷ் மட்டும். ஆம், இஸ், ஆர், வார்த்தையின் வாலில் ஒரு இங். அதை வைத்துக்கொண்டு ஒரு முழுக் கல்யாணத்தைக் கரையேற்ற வேண்டும். மாமாஸ் ஆர் சிட்டிங், என்றாள். தே ஆர் வெயிட்டிங் ஃபார் டிபன். வீடியோ மேன் இஸ் கமிங், லெஃப்ட் சைட், நீங்க சிரிங்க. அவன் சிரித்தான், கொஞ்சம் கூடுதலாகவே திரும்பி நாயனக்காரரைப் பார்த்துச் சிரித்தான், அவரும் பாவம் வாயிலிருந்து நாயனத்தை எடுத்துவிட்டுப் பதிலுக்குச் சிரித்தார். பூங்கோதை முழங்கையால் இடித்தாள். பின்னாலிருந்து அத்தை குனிந்து, "ஸ்லோகமாடி சொல்றே? நல்லது, நிறுத்தாம சொல்லு" என்று காதோடு சொல்லிவிட்டு நிமிர்ந்தாள். சிரிப்பு அடிவயிற்றிலிருந்து கிளம்பித் தொண்டை வரை வந்து நின்றது. இப்படி ஒரு சந்தோஷம் மனுஷிக்கு வரலாமா, யாராவது பார்த்துவிட்டால் என்ன நினைப்பார்கள், கல்யாணப் பெண் என்றால் கொஞ்சம் அழுத முகமாக இருக்க வேண்டாமா என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது.

இந்த இங் எல்லாம் வந்தது ஜெராக்ஸ் கடையில். திருச்சியில் கல்லூரி வாசலுக்கு எதிரே அவள் வேலை பார்த்த கடை. அவன் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தான், புத்தகங்களைக் கொண்டுவந்து ஸ்கேன் பண்ணக் கொடுப்பான், வீட்டில் கம்ப்யூட்டர் அவனுக்கு அதைப் படித்துக் காட்டும். ஒரு புத்தகம் முடிய ஒரு மணி நேரம் ஆகும். ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவன் ஒரு மழை நாளில், வெளியில என்ன நடக்குது என்று கேட்டான். ஒண்ணும் நடக்கலை சார் என்றாள். ஒண்ணுமே நடக்காம எப்படி இருக்கும், நல்லாப் பாருங்க என்றான். பார்த்தாள். அன்றைக்குத்தான் அந்தத் தெருவையே முதல் தடவையாகப் பார்த்தாள் என்றுகூடச் சொல்லலாம். ஒருத்தர் குடை பிடிச்சுக்கிட்டு நின்னு மாட்டைத் திட்டுறாரு சார், மாடு நனைஞ்சுக்கிட்டே கேட்டுக்கிட்டு நிக்குது என்றாள். அவன் சிரித்த சிரிப்பில் மெஷினில் பேப்பர் மாட்டிக்கொண்டதே அவளுக்குத் தெரியவில்லை. இதையே இங்கிலீஷ்ல சொல்லுங்க என்றான். ஒன் மேன் இஸ் ஸ்கோல்டிங் ஒன் மாடு. மாட்டுக்கு அவன் இங்கிலீஷ் சொல்லித் தரவில்லை, மாடு மாடாகவே இருக்கட்டும், ஸ்கோல்டிங் சரியாக வந்ததே என்றான். அதற்கப்புறம் இரண்டு வருஷம், அவன் வந்தால் ஸ்டூல், வெளியே தெரு, இவள் வாயில் இங். ரெயின் இஸ் ஸ்டாப்பிங். டூ கேர்ள்ஸ் ஆர் ரன்னிங். பஸ் இஸ் நாட் ஸ்டாப்பிங், பீப்பிள் ஆர் ஷவுட்டிங். தப்பு மூன்று வந்தால் ஒன்றைத்தான் திருத்துவான். ஐ ஆம் ஹேவிங் ஒன் தங்கச்சி என்று ஒரு தரம் சொன்னாள். அது தப்பு என்று அவளுக்கே அப்புறம் ஒரு புத்தகத்தில் பார்த்துத் தெரிந்தது, ஏன் திருத்தவில்லை என்று சண்டைக்குப் போனாள். தங்கச்சி எப்பவும் இருந்துக்கிட்டேதானே இருக்கா, இருக்கட்டும்னு விட்டேன் என்றான். அந்த இடத்தில்தான், அந்த ஒரு பதிலில்தான், தான் தொலைந்தது என்று பூங்கோதை கணக்காகச் சொல்லுவாள். வேறு காலமே வேண்டாமா, நேற்று, நாளைக்கு என்று ஒன்றும் கற்றுத்தர மாட்டீர்களா என்று கேட்டதற்கு, நேத்து நடந்ததை யார்கிட்ட வேணாலும் கேட்டுக்கலாம், நாளைக்கு நடக்கப்போறது எனக்குத் தெரியாத மாதிரியே எல்லாருக்கும் தெரியாது, இப்ப நடந்துக்கிட்டிருக்குதே அதுதான் என் கையில சிக்காம போயிடுது என்றான். சொல்லிவிட்டு ஸ்டூலில் காலை ஆட்டிக்கொண்டிருந்தான். அவள் மெஷின் மூடியைத் திறந்துவைத்தபடியே நின்றாள்.

"வாட் இஸ் அக்கா டூயிங்?"

கேட்டுவிட்டான். எப்போது கேட்பான், எப்போது கேட்பான் என்று மணவறையில் வந்து உட்கார்ந்ததிலிருந்து அவள் பயந்துகொண்டிருந்தது இதற்குத்தான். அய்யர், நெய், வீடியோ, டிபனுக்குக் காத்திருக்கும் மாமாக்கள் என்று அவள் வாய் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்ததே இந்தக் கேள்விக்கு இடம் கொடுக்காமல் இருக்கத்தான். பூங்கோதை நிமிர்ந்து பார்த்தாள். மூன்றாவது வரிசை, ஓரத்திலிருந்து இரண்டாவது நாற்காலி. மங்கையர்க்கரசி, சிவநேசனுக்குப் பன்னிரண்டு வயது மூத்த அக்கா, அப்பா அம்மா இல்லாத வீட்டில் இவனுக்கு அப்பாவும் அம்மாவும் அவள்தான், மாம்பழக் கலர் பட்டில், மடியில் கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா இஸ் சிட்டிங், என்றாள் பூங்கோதை. தேர்ட் ரோ. ஷீ இஸ் லுக்கிங் அட் ஃபேன். "ம்" வரவில்லை. அவன் கட்டைவிரல் மற்ற விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போயிற்று, திரும்பி வந்தது. ஃபேன் நின்னுடப் போகுதுன்னு பாக்குது போல என்று தமிழில் முணுமுணுத்தான். வேடிக்கையாகச் சொல்லத்தான் பார்த்தான், குரல் ஒத்துழைக்கவில்லை.

அவர்கள் பக்கத்து வழக்கத்தில் மாப்பிள்ளை தாலி கட்டுகிறான் என்பது பேச்சுக்குத்தான். முதல் முடிச்சு ஒன்றுதான் அவனுடையது. மற்ற இரண்டையும் போட வேண்டியது அவன் கூடப்பிறந்தவள். பெண்ணுக்குப் பின்னால் நின்று, மாப்பிள்ளை கையிலிருந்து கயிற்றை வாங்கி, நாத்தனார் இரண்டு முடிச்சைப் போட்டால்தான் பெண் அந்த வீட்டுக்குள் வந்தாள் என்று அர்த்தம். அந்த இரண்டு முடிச்சைத்தான் மங்கை அக்கா போட மாட்டேன் என்று சொல்லியிருக்கிறாள். நிச்சயதார்த்தத்தன்று காபி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். யாரோ ஒரு பெரியவர், இனிமே தம்பிக்குக் கண்ணு பூங்கோதைதான் என்று வழக்கமாகச் சொல்கிறதைச் சொன்னார். சிவநேசனுக்கு அன்றைக்கு நாக்கில் சனி உட்கார்ந்திருந்தது. அக்கா எனக்கு எது பிடிக்குமோ அதைச் சொல்லும், பூங்கோதை இருக்கிறதை இருக்கிற மாதிரி சொல்வா என்றான். சந்தோஷத்தில் சொன்னதுதான். எல்லோரும் சிரித்தார்கள். பூங்கோதையும் சிரித்தாள், அதை நினைத்தால் இப்போதும் அவளுக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. அக்கா சிரிக்கவில்லை. டம்ளரைக் கீழே வைத்தாள். "அப்ப இத்தனை வருஷம் உன்னைப் பொய் சொல்லி வளத்தேன்னு சொல்றே. சரிப்பா. மூணு முடிச்சையும் நீயே போட்டுக்க" என்றாள். அவ்வளவுதான். அதற்கப்புறம் கல்யாண வேலை எதையும் விடவில்லை. கூறைப்புடவை அவள் எடுத்ததுதான், சீர்முறுக்கு டின்கள் அவள் மேற்பார்வையில் வந்து இறங்கியதுதான், சமையல்காரரிடம் ரசத்தில் புளி தூக்கல் என்று காலையில் சண்டை போட்டதும் அவள்தான். மணவறையில் மட்டும் ஏற மாட்டாள். சிவநேசனும் அக்காவுக்குத் தம்பிதானே, மன்னிப்புக் கேட்டுப் போனானே தவிர, அக்கா கதவைத் திறக்காததும் திரும்பி வந்து, ஜன்னல் கம்பியில் மஞ்சள் கயிறு கட்டி மூன்று முடிச்சுப் பழக ஆரம்பித்துவிட்டான். பதினைந்து நாள் பழகினான். எதற்கும் இருக்கட்டும் என்று சித்தி ஒருத்தியைத் தயாராக வைத்திருக்கிறார்கள். சித்தி காலையிலிருந்து முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு ஒத்திகை பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஆனால் நேற்று சாயங்காலம் மண்டபத்துப் படியேறும்போது, பூங்கோதையின் முழங்கையைப் பிடித்திருந்த அவன் கை ஒரு நிமிஷம் இறுகியது. வந்துடும்ல, என்றான். யார் என்று அவளும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

பொய் என்றால் எப்பேர்ப்பட்ட பொய். பள்ளிக்கூடச் சட்டை என்ன கலர் என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறான். அவனுக்கு நீலம் பிடிக்கும், கண் போவதற்கு முன்னால் பார்த்த கலர்களில் அது ஒன்றுதான் மிச்சம் நிற்கிறது. நீலம்டா, ஆகாசம் மாதிரி என்றிருக்கிறாள் அக்கா. காலேஜில் ஒரு சிநேகிதன் சொல்லித்தான் அந்தக் காலம் முழுக்கத் தான் போட்டுக்கொண்டு திரிந்தது காக்கி என்று இவனுக்குத் தெரிந்தது. ஆண்டு விழாவில் இவன் இங்கிலீஷ் செய்யுள் ஒப்பித்தபோது கூட்டமே எழுந்து நின்று கை தட்டியது என்றிருக்கிறாள். மழை பிடித்துக்கொண்டு பாதிக் கூட்டம் கிளம்பிப்போய், நாற்காலிகளை மடக்குகிற சத்தத்தைத்தான் நான் கைதட்டல் என்று நினைத்திருந்தேன் என்று ஜெராக்ஸ் கடை ஸ்டூலில் உட்கார்ந்து அவன் சொன்னபோது, பூங்கோதை அடக்க முடியாமல் சிரித்தாள், கொஞ்சம் கோபமும் வந்தது. இப்படியா ஒரு பிள்ளையை ஏமாற்றுவது என்று. அதே அக்காதான் எட்டாவதோடு நின்றவள், அர்த்தம் தெரியாத இங்கிலீஷ் பாடத்தை ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிக் கேசட்டில் பேசிவைத்தவள். அந்தக் கேசட் ஒன்றை அவன் போட்டுக் காட்டியிருக்கிறான். தி பாய் இஸ், என்று குரல் நின்றுவிடும். குக்கர் விசில் கேட்கும். அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்கும். பிறகு மூச்சு வாங்க ஓடிவந்து, ப்ளேயிங், என்று முடியும். அந்தப் பையன் பாவம் நாலு விசில் வரைக்கும் சும்மா நின்றுவிட்டு அப்புறம் விளையாடுவான் என்று சிவநேசன் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். இங் என்பதை அவனுக்கு முதலில் சொல்லித் தந்ததே அந்தக் குரல்தான். அக்காவிடம் இதையெல்லாம் என்றைக்காவது உட்கார்ந்து சொல்லியிருக்கிறானா என்றால் இல்லை. ஆம்பிளைகள் சொல்ல வேண்டியதை எல்லாம் கேசட் மாதிரி பத்திரமாக எடுத்து வைத்துவிடுகிறார்கள்.

"நௌ?" என்றான்.

பூங்கோதை பார்த்தாள். அக்கா இன்னும் ஃபேனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த ஃபேனில் அப்படி என்னதான் எழுதியிருக்கிறதோ. ஷீ இஸ் என்று ஆரம்பித்துவிட்டுப் பூங்கோதைக்கு வாய் அப்படியே நின்றது. பக்கத்தில் அவன் முகம். மூக்கு நுனியில் ஓமப் புகைக்கு வேர்வை, நெற்றியில் பட்டை பட்டையாக விபூதி, புருவம் இரண்டும் மேலே ஏறி, வாய் லேசாகத் திறந்து, இப்போது விழப்போகிற வார்த்தைக்காகக் கையேந்துகிற மாதிரி காத்திருக்கிற முகம். எதைச் சொன்னாலும் இந்த முகம் நம்பிவிடும். ஷீ இஸ் ஸ்மைலிங் என்றால் போதும், இந்தப் புருவம் இறங்கிவிடும், இந்தக் கட்டைவிரல் விரல்களை எண்ணுவதை நிறுத்திவிடும். ஒரே ஒரு வார்த்தை. யாருக்கு என்ன நஷ்டம். ஐயோ, இந்த முகத்தை வைத்துக்கொண்டு அக்கா முப்பது வருஷம் என்ன பாடுபட்டிருப்பாள் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. எட்டு வயசில் இந்த முகம் எப்படி இருந்திருக்கும். இதைவிடச் சின்னதாக, இதைவிட நம்பிக்கையாக, சட்டை என்ன கலர்க்கா என்று அண்ணாந்து கேட்டிருக்கும். யாரால் அந்த முகத்தைப் பார்த்துக் காக்கி என்று சொல்ல முடியும். தன்னால் முடியுமா. இருக்கிறதை இருக்கிற மாதிரி சொல்கிறவள் என்று பேர் வாங்கியவள் தெருவில் போகிற மாட்டைப் பற்றித்தானே இதுவரை சொல்லியிருக்கிறாள், மாட்டைப் பற்றி உண்மை சொல்ல யாருக்கு என்ன கஷ்டம். நாளைக்கும் இந்த முகம் கேட்கும், பத்து வருஷம் கழித்தும் கேட்கும், டாக்டர் முகம் எப்படி இருக்கு, பிள்ளையின் மார்க் ஷீட்டைப் பார்த்தியா, எனக்கு நரைச்சிடுச்சா என்று கேட்டுக்கொண்டே இருக்கும். அத்தனைக்கும் இருக்கிறதை இருக்கிற மாதிரி சொல்லியாக வேண்டுமே என்று ஒரு பயம் மணவறைச் சூட்டிலும் முதுகில் சில்லென்று ஓடியது. பயத்தோடு பயமாக அந்தப் பாழாய்ப்போன நெய் வேறு ஞாபகத்துக்கு வந்தது. கீ. கீ என்றுதானே டப்பாவில் போட்டிருப்பான், சாவிக்கும் அதைத்தானே சொல்வோம். அவளுக்கு வந்த சிரிப்பில் பயம் பாதி கரைந்தது. ஷீ இஸ் ஸ்டில் லுக்கிங் அட் தி ஃபேன், என்றாள். பட், ஐ ஆம் லுக்கிங் அட் யூ. இது பாடத்தில் இல்லாத வாக்கியம். அவன் காது மடல் சிவந்ததைப் பார்த்தாள், அதை அவனிடம் சொல்லவில்லை, எல்லாவற்றையும் சொல்ல வேண்டும் என்றா எழுதிக் கொடுத்திருக்கிறாள்.

பின்னால் கேசரி வாசனை. பசித்தது. தலையில் இரண்டு கிலோ மல்லிகை, இடுப்பில் ஒட்டியாணம், உள்ளங்கையில் மருதாணி, இத்தனையும் போட்டுக்கொண்டு கேசரியை நினைக்கிறோமே என்று இருந்தது, ஆனாலும் நினைத்தாள். அய்யர் தேங்காய் மேல் தாலியை வைத்து, மஞ்சள் அரிசி சுற்றி, தட்டை நீட்டினார். பெரியவர்கள் எல்லோரும் தொட்டு ஆசீர்வாதம் பண்ணித் தர வேண்டும். அத்தைதான் தட்டை வாங்கிக்கொண்டு கிளம்பினாள். ப்ளேட் இஸ் கோயிங், என்றாள் பூங்கோதை, அவளுக்குக் குரல் தானாகவே இறங்கியது. ஃபர்ஸ்ட் ரோ. யுவர் ஹெட்மாஸ்டர் இஸ் டச்சிங். மை அப்பா இஸ் டச்சிங், ஹி இஸ் க்ரையிங், ஹி இஸ் ஆல்வேஸ் க்ரையிங். "ம்." செகண்ட் ரோ. சித்தப்பா இஸ் டச்சிங் வித் லெஃப்ட் ஹேண்ட், அத்தை இஸ் ஸ்கோல்டிங். "ம்." அவன் சிரிக்கவில்லை. தேர்ட் ரோ. ப்ளேட் இஸ் கமிங் டு அக்கா. அக்கா ஃபேனிலிருந்து கண்ணை இறக்கினாள், அதைப் பூங்கோதை பார்த்தாள், அதைச் சொன்னாள். ஷீ இஸ் லுக்கிங் அட் தாலி. அந்த நேரம் பார்த்து வீடியோ லைட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்த ஆள், ஆறடிக்கு வளர்ந்த ஆள், குறுக்கே வந்து நின்றான். பூங்கோதை இந்தப் பக்கம் சாய்ந்தாள். அந்தப் பக்கம் சாய்ந்தாள். ஜடை ஆடாம உக்காருடி என்று பின்னாலிருந்து ஒரு கை அவளை நேராக்கியது. ஒன் மேன் இஸ் ஸ்டாண்டிங், ஐ ஆம் நாட் சீயிங், ஐ ஆம் நாட் சீயிங் எனிதிங் என்றாள், தப்பு, சீயிங் வராது, வந்தால் வரட்டும். லைட் ஆள் நகர்ந்தபோது தட்டு நாலாவது வரிசையில் இருந்தது. மூன்றாவது வரிசையில், ஓரத்திலிருந்து இரண்டாவது நாற்காலி, காலி.

சொல்ல வேண்டுமா. தொட்டுவிட்டுப் போனாளா, தொடாமலே எழுந்து போனாளா. வாசல் பக்கம் பார்த்தாள், அட்சதைக்காக எல்லோரும் எழுந்து நிற்க ஆரம்பித்துவிட்டார்கள், பட்டுப் புடவைகளும் வேட்டிகளும்தான் தெரிந்தன. அந்தக் கூட்டத்தில் மாம்பழக் கலரை எங்கே தேடுவது, மண்டபத்தில் பாதிப் பேர் மாம்பழக் கலர். அடுப்பங்கரைக்குப் போயிருப்பாள், ரசத்தைப் பார்க்க. இல்லை, அழுகை வந்திருக்கும், பாத்ரூமுக்குப் போயிருப்பாள். இல்லை, போயே போய்விட்டாள், பஸ் ஸ்டாண்டில் நிற்கிறாள், இந்த வீட்டுக்குள் நான் காலெடுத்து வைக்கும்போதெல்லாம் இந்த இரண்டு முடிச்சும் இல்லாத கழுத்தோடுதான் வைக்கப் போகிறேன். சித்தி போட்டால் என்ன, முடிச்சு முடிச்சுதான், கயிற்றுக்கா தெரியப்போகிறது. அவனுக்குத் தெரியுமே. அவன் விரலுக்குத் தெரியுமே. "பூங்கோதை" என்றான், இங்கிலீஷை விட்டுவிட்டு. அவள் கண்ணை ஒரு தடவை மூடித் திறந்தாள். தி சேர் இஸ் எம்ட்டி, என்றாள். ஐ ஆம் லுக்கிங். பீப்பிள் ஆர் ஸ்டாண்டிங். ஐ ஆம் நாட் ஃபைண்டிங் ஹெர். அவன் தலையை ஒரே ஒரு தரம் ஆட்டினான். சரி என்ற ஆட்டல். பிறகு, நம்பவே முடியாது, தேங்க்யூ என்றான். அவன் முகத்தில் அவள் பயந்தது வந்திருந்தது, ஆனால் அதோடு கூட வேறொன்றும் இருந்தது, பிடித்துக்கொண்டிருக்கிற கை நழுவாது என்று தெரிந்தவன் முகத்தில் இருக்கிறது. அவளுக்கு அழுகை வந்தது, துடைக்கக் கூடாது, மை.

அய்யர் தாலியை எடுத்து அவன் கையில் கொடுத்தார். நாயனக்காரர் பக்கம் விரலை ஆட்டி, கெட்டிமேளம், கெட்டிமேளம் என்றார். அவ்வளவுதான், தவில் இரண்டும் நாயனம் இரண்டும் ஒரே சமயத்தில் பிய்த்துக்கொண்டு கிளம்பின. இந்த நேரத்தில் ஒரு தும்மல், ஒரு வேண்டாத சொல் யார் காதிலும் விழக் கூடாது என்பதற்காகத்தான் இந்த இடி. வேண்டிய சொல்லும் விழாதே என்று யாரும் யோசிக்கவில்லை, இவர்கள் இரண்டு பேரும்கூட யோசிக்கவில்லை. இத்தனை நாள் திட்டம் போட்டதில் இதை மறந்திருந்தார்கள். அய்யர் இஸ் கிவிங் என்று அவள் கத்தினாள், அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. அத்தையின் கை அவள் உச்சந்தலையில் விழுந்து அமுக்கியது. குனிந்தாள். இனிமேல் அவளுக்குத் தெரிவது தன் மடி, மடியில் வந்து விழுகிற மஞ்சள் அரிசி, அவன் கால் கட்டைவிரல். அவ்வளவுதான் உலகம். பின்னால் என்ன நடக்கிறது, யார் வந்து நிற்கிறார்கள், ஒன்றும் தெரியாது. கண் இருந்து என்ன பிரயோஜனம், பிடரியில் ஒன்று வைத்திருக்க வேண்டும். அவன் அவள் தோளுக்கு மேலாகக் குனிந்தான். மல்லிகைச் சரத்தை விலக்கிக்கொண்டு விரல்கள் வந்தன, ஜன்னல் கம்பியில் பதினைந்து நாள் பழகிய விரல்கள், கழுத்துக்கு வந்ததும் பழகாத மாதிரி கயிற்று நுனியைத் தேடின. ஒரு முடிச்சு. இறுக்கினான். போட்டுவிட்டான், என் புருஷன் என்று அவள் உடம்பு முழுக்க ஒரு வெதுவெதுப்பு ஓடியது. இரண்டாவதைப் போடப் போகிறான் என்று காத்திருந்தாள். அவன் போடவில்லை. கயிற்றின் இரண்டு நுனியையும் பிடித்துக்கொண்டு விரல்கள் அப்படியே நின்றன. தெரிந்தும் நிற்கிறான், பைத்தியக்காரன். மேளம் முழங்குகிறது, அரிசி கொட்டுகிறது, அவன் நிற்கிறான். கட்டுங்க, கட்டுங்க, என்று அவள் கத்தினாள், யாருக்குக் கேட்கிறது. அப்போது வேறு விரல்கள் அவள் கழுத்தில் பட்டன. வளையல் தோளில் உரசியது. சித்தியாக இருக்கும். சித்தியாகத்தான் இருக்கும், காலையிலிருந்து முந்தானையைச் சொருகிக்கொண்டு நிற்கிறாளே. அந்த விரல்கள் கயிற்றைப் பிடுங்குகிற மாதிரி வாங்கின. அவன் ஒரு துள்ளு துள்ளியதை அவள் தோள் உணர்ந்தது. அடுத்த நிமிஷம் அவன் வாய் அவள் காதில் ஒட்டியது, ஐம்பது பேர் வகுப்பைக் கட்டி மேய்க்கிற வாத்தியார் குரல் முழுசாக உள்ளே இறங்கியது.

"அக்கா இஸ் பின்ச்சிங் மீ. பூங்கோதை, அக்கா இஸ் பின்ச்சிங் மை ஹேண்ட். ஹார்டா பின்ச்சிங்."

கிள்ளுகிறாளாம். சதையைத் திருகிக் கிள்ளுகிறாளாம். பூங்கோதைக்குச் சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது, அழுகையும் வந்தது, இரண்டும் ஒரே நேரத்தில் வந்து தோள் குலுங்கியது. வீடியோவில் பார்க்கிறவர்கள் பெண் விசும்புகிறாள் என்று சொல்லிக்கொள்ளட்டும். யார் வேண்டுமானாலும் எது வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளட்டும். இரண்டாவது முடிச்சு விழுந்தது, அவன் போட்டதைவிட இறுக்கமாக, கயிறு கழுத்துச் சதையைக் கவ்வுகிற இறுக்கத்தோடு. இப்போது அவளுக்குப் பார்த்தே ஆக வேண்டும் போலிருந்தது. தலையைத் தூக்க முடியவில்லை. அவன் காது பக்கத்தில்தான் இருந்தது. அவனிடம் கேட்டாள், என்ன நடக்கிறது என்று அவள் அவனிடம் கேட்டது இதுதான் முதல் தடவை. "வாட் இஸ் அக்கா டூயிங் நௌ?"

அவன் கொஞ்சம் யோசித்தான். யோசித்தது அவள் காதில் பட்ட மூச்சில் தெரிந்தது. "ஷீ இஸ் ஸ்மைலிங்" என்றான்.

அது அவனுக்கு எப்படித் தெரியும். பூங்கோதையின் பின்கழுத்தில், முடிச்சுக்குக் கொஞ்சம் மேலே, சுடச்சுட ஒரு சொட்டு விழுந்தது, அதற்குப் பின்னாலேயே இன்னொன்று. அதற்கான இங்கிலீஷ் அவளுக்குத் தெரியும், அப்பாவைப் பற்றிச் சற்று முன்னால்தான் சொல்லியிருந்தாள். இப்போது சொல்லவில்லை. யெஸ், ஷீ இஸ் ஸ்மைலிங் என்று அவளும் சொன்னாள், மூன்றாவது முடிச்சுக்கு வசதியாகத் தலையை இன்னும் கொஞ்சம் தாழ்த்திக் கொடுத்தாள்.